கோழி டாக்டர் பதில்கள்: உட்கார்ந்த குஞ்சுக்குக் கால்சியம் மட்டும் போதுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கால் பற்றியவைதான். அதனால் சளி, வெள்ளைக்கழிச்சல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டாக்டர் அம்மா, பொங்கலூர் பக்கம் கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்க்கிறோமுங்க. இந்த பேட்சில் 11ஆம் நாளிலிருந்து குஞ்சுகள் கணுக்காலில் உட்கார்ந்துகொள்கின்றன. தீவனம் பக்கத்தில் இருந்தால் எடுக்கின்றன, எழுந்து போவதில்லை. நான்கு நாளாகக் கால்சியம் டானிக் தண்ணீரில் விடுகிறோம். ஒன்றும் தெரியவில்லை. சூப்பர்வைசர், தரையில் பரப்பிய உமி லிட்டர் ஈரம் என்கிறார். என்ன செய்வதுங்க?

முதலில் அலகைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும் குஞ்சுகளில் நான்கைந்தைப் பிடித்து, மேல் அலகைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்துங்கள். இந்த வயதில் அது விறைப்பாக இருக்க வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தால், லிட்டர் மேல் பழி போடுவதை நிறுத்திவிடலாம். ஈர லிட்டர் பாதத்தைப் புண்ணாக்கும், அலகை வளைக்காது.

அடுத்து, அன்றைக்குச் செத்த குஞ்சு ஒன்றை எடுங்கள். லெக் பீஸ் எலும்பு என்கிறோமே, அதைச் சதை நீக்கி இரண்டு கையாலும் உடைத்துப் பாருங்கள். நல்ல எலும்பு 'டக்'கென்று சத்தத்தோடு முறியும். இந்தக் குஞ்சுகளில் அது வளையும், வளைந்தபடியே நிற்கும். அதே எலும்பின் மேல் முனையை பிளேடால் நெடுக்காகப் பிளந்தால், முட்டிக்குச் சற்றுக் கீழே வெள்ளையாக ஒரு குருத்தெலும்புப் பட்டை தெரியும். ஆரோக்கியமான குஞ்சில் அது மெல்லிய கோடு. நோயுற்றதில் அகலமாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். நெஞ்சுக்கூட்டைத் திறந்து, விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் இடத்தை உள்பக்கமாக விரலால் தடவினால் மணி மணியாகத் தட்டுப்படும். இவ்வளவும் சேர்ந்தால் அதன் பெயர் ரிக்கெட்ஸ். குருத்தெலும்பு வளர்ந்துகொண்டே போகிறது, அதில் கால்சியமும் பாஸ்பரஸும் படியவில்லை என்று அர்த்தம்.

சரி, கால்சியம் கொடுத்தும் ஏன் கேட்கவில்லை? தண்ணீரில் ஊற்றிய கால்சியம் குடல்வரைக்கும் போயிருக்கும். குடலிலிருந்து ரத்தத்துக்குப் போக ஆள் வேண்டும். அந்த ஆளைத் தயார் செய்வது வைட்டமின் டி3. தீவனத்தில் உள்ள டி3 அப்படியே வேலை செய்யாது. முதலில் கல்லீரலில் ஒரு மாற்றம், பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம், அப்புறம்தான் அது ஹார்மோனாகிக் குடலுக்கு உத்தரவு போடுகிறது. உத்தரவு வந்ததும் குடல் செல்கள் கால்சியத்தைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன. கால்பிண்டின் என்ற அந்தப் புரதத்தை 1966இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்ததே கோழிக்குஞ்சின் குடலில்தான். டி3 குறைந்தால் இந்தப் புரதம் குறையும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கால்சியத்தில் பெரும்பகுதி எச்சத்தோடு லிட்டரில் விழும்.

அதோடு போனாலும் பரவாயில்லை. குடலில் தேங்கிய அதிகப்படி கால்சியம், பாஸ்பரஸையும் பிடித்துவைத்துக்கொண்டு இரண்டும் உறிஞ்சப்படாமல் செய்துவிடும். எலும்பில் கால்சியம் தனியாகப் படிவதில்லை, பாஸ்பரஸோடு சேர்ந்துதான் படியும். முதல் 3 வாரத்துக்குத் தீவனத்தில் கால்சியம் 1 சதவீதம், குஞ்சுக்குப் பயன்படக்கூடிய பாஸ்பரஸ் 0.45 சதவீதம் என்பது அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994இல் வெளியிட்ட அளவு. ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. கால்சியம் டானிக் அந்த விகிதத்தைத்தான் கலைக்கிறது. பாஸ்பரஸ் குறைவாலேயே ரிக்கெட்ஸ் வந்திருந்தால், டானிக் எரிகிற நெருப்பில் எண்ணெய்.

டி3 ஏன் குறைந்தது என்பதுதான் இப்போது உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். அதே கவுன்சில் சொன்ன குறைந்தபட்ச அளவு, கிலோ தீவனத்துக்கு 200 யூனிட். நடைமுறையில் கறிக்கோழித் தீவனத்தில் 3000 முதல் 5000 யூனிட் வரை போடுகிறார்கள். வேகமாக வளரும் இன்றைய ரகங்களுக்கும், கிடங்கில் வீணாவதற்கும் சேர்த்துத்தான் இந்தத் தாராளம். கேட்கப் பெரிய எண்ணாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 யூனிட் சேர்ந்தால் 1 மைக்ரோகிராம். 5000 யூனிட் வீதம் ஒரு டன் தீவனத்துக்கே 125 மில்லிகிராம்தான். ஒரு சிட்டிகைகூட வராத அந்தப் பொருள் 1000 கிலோவிலும் சமமாகப் பரவ வேண்டும். மிக்ஸரை இரண்டு நிமிடம் முன்னதாக நிறுத்தினாலோ, ப்ரீமிக்ஸ் என்ற வைட்டமின் கலவை மூட்டை கோடை முழுக்கத் தகரக் கூரையின் கீழ் கிடந்திருந்தாலோ, ஒரு லோடு தீவனம் மட்டும் டி3 குறைந்து போவது அதிசயமே இல்லை.

தீவனத்தில் இருந்தும் குஞ்சுக்குச் சேராமல் போவதும் உண்டு. டி3 கொழுப்பில் கரையும் வைட்டமின். ரத்தக்கழிச்சலோ வேறு குடல்நோயோ இருந்தால் கொழுப்பே செரிக்காது, டி3 மட்டும் எப்படிச் சேரும்? பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தின் அஃப்லடாக்சின் நச்சு கல்லீரலைக் கெடுத்தால், நான் மேலே சொன்ன முதல் மாற்றமே நின்றுவிடும். போஸ்ட்மார்ட்டத்தில் கல்லீரல் மஞ்சள் பாரித்து, தொட்டால் உதிர்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். இப்படிப்பட்ட பேட்சுகளுக்கென்றே கல்லீரல் வேலை ஏற்கெனவே முடிந்த நிலையில் இருக்கும் டி3, அதாவது 25-ஹைட்ராக்ஸி டி3, சந்தையில் கிடைக்கிறது. விலை அதிகம்தான். ஆனால் குடலும் கல்லீரலும் நலிந்த குஞ்சில் சாதாரண டி3யைவிட அது நன்றாகச் சேர்கிறது.

பக்கத்துப் பண்ணையில் விசாரியுங்கள். ஒரே தீவன லோடு, வேறு குஞ்சுப் பொரிப்பகம், அங்கேயும் உட்கார்கிறதா? அப்படியானால் சந்தேகம் தீவனத்தின் மேல். தீவனம் வேறு, பொரிப்பகம் ஒன்று என்றால் தாய்க்கோழியைப் பற்றிக் கேட்க வேண்டும். தாயின் தீவனத்தில் டி3 குறைந்தால் முட்டையின் மஞ்சள் கருவிலும் குறையும், குஞ்சு பிறக்கும்போதே கையில் காசில்லாமல்தான் வரும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: கால்சியம் டானிக்கை நிறுத்துங்கள். தண்ணீரில் கரையும் டி3 மருந்தை, உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில், அவர் சொல்லும் நாள்வரை கொடுங்கள். தண்ணீர் லைனைத் தாழ்த்தி, உட்கார்ந்த குஞ்சுகளைத் தனித் தடுப்பில் விட்டு, தரையில் தட்டு வைத்துத் தீவனம் போடுங்கள். பாதிக் குஞ்சுகள் சாவது எலும்பால் அல்ல, தண்ணீருக்கு எட்டாமல்தான். லேசாகப் பாதித்தவை எழுந்துவிடும். கால் வளைந்து போனவை நிமிராது, அவற்றுக்கு மருந்துச் செலவு வேண்டாம்.

தீவனத்தில் ஒரு கிலோ எடுத்து, பேட்ச் எண் எழுதி, காற்றுப் புகாமல் கட்டி நிழலில் வையுங்கள். கால்சியமும் பாஸ்பரஸும் சோதிப்பது சுலபம், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் செய்துகொள்ளலாம். கம்பெனியோடு வளர்ப்புக் கூலிப் பேச்சு வரும்போது, கையில் ஒரு சாம்பிள் பையும் தேதி போட்ட நான்கு போட்டோவும் இருந்தால் பேச்சின் தொனியே மாறும். அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் உடுமலைப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. ஷெட் இரண்டு பக்கமும் வலைதான், திறந்த ஷெட். வெயிலில் டி வைட்டமின் கிடைக்கும் என்கிறார்கள். அப்புறம் எப்படிக் குறையும்?

உங்கள் ஷெட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காகத்தானே இருக்கும்? வெயில் நேரே உள்ளே விழக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிக் கட்டுகிறோம். கூரையையும் வெளியே நீட்டிவிடுகிறோம். குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் ப்ரூடிங் நாட்களில் பக்கப் படுதா வேறு இறங்கியிருக்கும். எலும்பு அவசர அவசரமாக வளரும் முதல் இரண்டு வாரம் குஞ்சு பல்பு வெளிச்சத்தில்தான் இருக்கிறது. வேலை செய்வது வெயிலின் புற ஊதாக் கதிர், பல்பின் வெளிச்சத்தால் பயனில்லை. அதிலும் இறகு மூடிய தோலில் அல்ல, காலின் வெறும் தோலில்தான் டி3யின் மூலப்பொருள் அதிகம். வாசலில் மேயும் நாட்டுக்கோழிக்கு ரிக்கெட்ஸ் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அது நாள் முழுக்க வெயிலில் கால் வைத்து நடக்கிறது, வளர்வதும் மெதுவாக. கறிக்குஞ்சு 40 கிராம் சொச்சத்தில் வந்து 5 வாரத்தில் 2 கிலோவைத் தாண்டுகிறது. அந்த உடம்பைத் தாங்கும் எலும்பை வெயிலை நம்பிக் கட்ட முடியாது.

இது பழைய பாடம்தான். 1920களுக்கு முன் அமெரிக்கக் குளிர்ப் பிரதேசங்களில் குஞ்சுகளைக் கூரைக்குள் அடைத்து வளர்த்தால் கால் விழுந்துவிடும். குளிர்காலத்தில் வளர்ப்பதையே விட்டிருந்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஹால்பின், ஸ்டீன்பாக் குழுவினர் குஞ்சுகளின் கால் வீழ்ச்சியையும் வெளிச்சத்தையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். மீன் எண்ணெய் தீவனத்தில் சேர்ந்த பிறகுதான் ஆண்டு முழுக்க ஷெட்டுக்குள் வளர்க்கும் துணிவு வந்தது. அதே காலத்தில்தான், 1923இல், டெலவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி 50 குஞ்சு கேட்க, பொரிப்பகம் தவறாக 500 அனுப்பிவைத்தது. திருப்பி அனுப்பாமல் கறிக்கே வளர்த்து விற்றார். கறிக்கோழித் தொழிலின் கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் 60,000 யூனிட் டி பாக்கெட்டை வாங்கித் தண்ணீர் டேங்கில் கலக்கலாமா? சிலர் செய்கிறார்கள்.

வேண்டாம். கொழுப்பில் கரையும் பொருள் டேங்கில் மேலாக மிதந்தால், ஒரு மூலையில் இருக்கும் குஞ்சுக்கு அளவுக்கு மீறிப் போகும், மற்றதற்கு ஒன்றும் போகாது. தவிர, மனிதர்களுக்கான மருந்தில் சில டி2 ஆக இருக்கும். கோழியின் உடம்பு டி2வைப் பெரிதாக மதிப்பதில்லை, டி3யின் பத்தில் ஒரு பங்கு பலன் கிடைத்தாலே பெரிது. கோழித் தீவனத்தில் டி3யை அளக்கும் யூனிட்டுக்குக் கோழிக்குஞ்சின் பெயரையே வைத்தது இந்த வித்தியாசத்தால்தான்.

ராசிபுரத்திலிருந்து எழுதுகிறேன். தீவனம் நானே அரைக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று ப்ரீமிக்ஸை இரண்டு மடங்கு போட்டு, மேலே ஏ-டி3-ஈ டானிக்கும் வாரம் மூன்று நாள் கொடுக்கிறேன். இருந்தும் இரண்டு பேட்சாகக் கால் பலமில்லை.

'இருந்தும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதனாலேயே இருக்கலாம்.

கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் ஏ, டி, ஈ, கே நான்கும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஒன்று கூட்டமாக வந்தால் மற்றது வெளியே நிற்கும். அதிகம் தகராறு செய்வது வைட்டமின் ஏ. அளவுக்கு மிஞ்சிய ஏ, டி3யின் வேலையைக் குடலிலும் கெடுக்கும், உடம்புக்குள்ளும் கெடுக்கும். டி3 விளிம்பில் இருக்கும் தீவனத்தில் ஏ மட்டும் ஏறிவிட்டால், தீவனத்தில் டி3 இருந்தும் குஞ்சுக்கு ரிக்கெட்ஸ் வரும். குஞ்சின் தேவை கிலோவுக்கு 1500 யூனிட் ஏ என்பது 1994 கணக்கு. ப்ரீமிக்ஸ்காரர்கள் ஏற்கெனவே அதைப் பல மடங்கு வைத்துத்தான் தருகிறார்கள். நீங்கள் அதை இரட்டித்து, டானிக்கிலும் ஊற்றினால் எங்கே போய் நிற்கும்? வைட்டமின் ஈயும் அளவு மீறினால் இதே குணத்தைக் காட்டும்.

டி3யையும் அள்ளிப் போட்டு ஈடுகட்டலாமே என்று நினைக்காதீர்கள். மிக அதிகமான டி3 ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றி, சிறுநீரகத்தில் சுண்ணாம்பாகப் படிய வைக்கும். ஐரோப்பிய நாடுகளில் கறிக்கோழித் தீவனத்துக்கு கிலோவுக்கு 5000 யூனிட்டே உச்ச வரம்பு.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் உங்கள் கிடங்கு. சொந்தமாக அரைப்பவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது: வைட்டமின் ப்ரீமிக்ஸ், தாது உப்புக் கலவை, கோலின் குளோரைடு மூன்றையும் முன்கூட்டியே ஒரு டிரம்மில் கலந்து, 'ஒரு டன்னுக்கு ஒரு பொட்டலம்' என்று கட்டி வைத்திருப்பார்கள். வேலையாளுக்குச் சுலபம். ஆனால் கோலின் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். அந்த ஈரத்தில் தாமிர, இரும்பு உப்புகள் வைட்டமின்களை அரித்துத் தின்றுவிடும். பொட்டலத்தைப் பிரிக்கும்போது கட்டியாக, நிறம் மாறி, ஒரு மீன் வாடை வந்தால் அதில் வைட்டமின் எவ்வளவு பாக்கியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றையும் தனித்தனியாக வையுங்கள், அரைக்கும் நாளில் மட்டும் சேருங்கள், மூட்டையில் உள்ள தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். ஒரு மடங்கே போதும்.

20 நாள் கோழிகளில் சிலவற்றுக்கு ஒரு கால் மட்டும் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. மூட்டு வீங்கினாற்போல் தட்டையாக இருக்கிறது. எலும்பு வளையவில்லை, கெட்டியாகத்தான் இருக்கிறது. இதுவும் டி3 குறைவா? (பல்லடம் வாசகர்)

இல்லை. எலும்பு கெட்டி என்று நீங்களே பார்த்துச் சொன்னது நல்லதாகப் போயிற்று. கணுக்கால் மூட்டின் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும், அதில் தடித்த நரம்பு போல ஒரு தசைநாண் ஓடும். விரலை வைத்துப் பாருங்கள். அது பள்ளத்தை விட்டுப் பக்கவாட்டில் நழுவியிருந்தால் பெரோசிஸ். இதற்கு முதல் காரணம் மாங்கனீஸ் குறைவு. 1930களில் கார்னெலில் கண்டுபிடித்தார்கள். கோலின், பயோட்டின், நியாசின், போலிக் அமிலம் குறைந்தாலும் இதே கோலம்தான். இதில் ஒரு விஷயம்: கால்சியமும் பாஸ்பரஸும் அதிகமானால் அவை குடலில் மாங்கனீஸைக் கட்டிவிடும். 'கால் பலத்துக்கு' என்று டிசிபியையும் (டைகால்சியம் பாஸ்பேட்) சுண்ணாம்புத் தூளையும் கூட்டிப் போட்ட ஷெட்டில் பெரோசிஸ் வருவது இப்படித்தான். நழுவிய நாண் திரும்ப உட்காராது. மற்ற கோழிகளைக் காப்பாற்றத்தான் திருத்தம்.

விரல்கள் உள்பக்கமாக மடங்கி, குஞ்சு கணுக்காலால் நடந்தால் அது வேறு. ரிபோபிளேவின், அதாவது பி2 குறைவு. அங்கே கெட்டது நரம்பு, எலும்பு அல்ல. ஆரம்பத்திலேயே பி2 கொடுத்தால் பெரும்பாலும் மீளும். பி2 வெளிச்சம் பட்டால் அழியும் என்பதால், கலந்த தண்ணீரை வெயிலில் விடாதீர்கள்.

மூன்று வாரத்துக்கு மேல், நல்ல எடையுள்ள கோழி திடீரென்று நொண்டினால் வைட்டமினைத் தேடுமுன் தொடை எலும்பின் தலையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பாக்டீரியா புகுந்து அழுகியிருக்கும் கேஸ்கள் இப்போது நிறைய. டானிக் அதற்கு ஒன்றும் செய்யாது.

தீவனக் கம்பெனி ஃபைட்டேஸ் சேர்த்து டிசிபியைக் குறைத்துவிட்டதாம். லாபத்துக்காகக் கோழியின் எலும்பைக் குறைக்கிறார்களா?

சந்தேகம் வேண்டாம், முறையாகச் செய்தால் நல்லதே. மக்காச்சோளத்திலும் சோயாவிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட்டாகப் பூட்டிக் கிடக்கிறது. ஃபைட்டேஸ் நொதி அந்தப் பூட்டைத் திறக்கிறது. டி3 சரியாக இருந்தால் அந்தப் பாஸ்பரஸை எடுப்பது இன்னும் கூடும். பார்க்க வேண்டியது கால்சியத்தை: அதிகமானால் ஃபைட்டேட்டோடு ஒட்டிக்கொண்டு நொதியை வேலை செய்ய விடாது.

கோடையில் வைட்டமின் சி கொடுப்பது எலும்புக்கும் உதவுமா?

கோழி தனக்கு வேண்டிய சியைச் சிறுநீரகத்தில் தானே செய்துகொள்ளும். கடும் வெப்பத்தில் அது போதாமல் போகலாம். எலும்பின் அடித்தளமான கொலாஜனுக்கும், டி3யின் சிறுநீரக மாற்றத்துக்கும் சி துணை செய்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் காலை நேரத் தண்ணீரில் கொடுங்கள். எலும்புக்கென்று மார்கழியில் வாங்காதீர்கள்.

வைட்டமின் கே ரத்தம் உறைவதற்குத்தானே? எலும்புக்கும் வேண்டும் என்று படித்தேன். (கால்நடை மருத்துவ மாணவி)

நீ படித்தது சரிதான் அம்மா. கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் கொழுப்பு நீக்கிய தீவனம் கொடுத்த குஞ்சுகளில் ரத்தக்கசிவைக் கண்டுதான் கேயைப் பிடித்தார், 1943 நோபல் பரிசு அதற்குத்தான். ஆஸ்டியோகால்சின் என்ற எலும்புப் புரதம் கால்சியத்தைப் பிடிக்க வேண்டுமானால் அதற்கும் கே வேண்டும். ஆனால் கே குறைவால் மட்டும் கால் விழுந்த பேட்ச் களத்தில் அபூர்வம். ரத்தக்கழிச்சலுக்கு, கேயின் வேலையைத் தடுக்கும் சல்ஃபாகுவினாக்ஸலின் மருந்தை நீண்ட நாள் கொடுத்த பண்ணையில், கால் பிரச்சினைக்கு முன்னால் ரத்தக்கசிவைத் தேடு.

நான் பண்ணை வைத்திருப்பவள் அல்ல, சமைப்பவள். பிரிட்ஜில் வைத்த பிராய்லர் லெக் பீஸைச் சமைத்தால் எலும்பை ஒட்டி கறுப்பாக இருக்கிறது. கோழிக்கு எலும்பு நோயா? சாப்பிடலாமா?

நோய் இல்லை. 40 நாள்கூட ஆகாத கோழியின் எலும்பு முழுதாக இறுகியிருக்காது, நுண்துளைகள் நிறைய இருக்கும். உறைய வைத்து எடுக்கும்போது மஜ்ஜையின் ரத்த நிறமி அந்தத் துளை வழியாகக் கசிந்து, சமைக்கும் சூட்டில் கறுக்கிறது. நாட்டுக்கோழியில் இது தெரிவதில்லை, அதன் எலும்புக்கு வயது அதிகம். நன்றாக வெந்திருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். வெந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எலும்போரச் சதையை உடைத்துப் பார்த்து, வழவழப்பாக இருந்தால் மூடி போட்டு இன்னும் பத்து நிமிடம் வேகவிடுங்கள்.